ஆண்டும் ஒன்று, அளவும் ஒன்று: பழங்காலப் பொம்மைச் சாமான் செய்பவருக்கு

கேள்வி: தக்கலை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாக 18 அங்குலப் பொம்மைக்கும் பார்பி அளவுப் பொம்மைக்கும் திருவிதாங்கூர் காலத்து உடை, நகை, ஓலைச் சாமான் செய்து விற்கிறேன். ‘1850 திருவிதாங்கூர் பெண்’ என்ற செட்டுதான் அதிகம் போகிறது: கசவுச் சேலை, ரவிக்கை, பித்தளைக் காசுமாலை, பாம்படம். ஓலைப்பெட்டி, சுவடி, எழுத்தாணி சேர்ந்த செட் 350 ரூபாய். சாமான் செலவு 60 ரூபாய்தான் ஆகிறது, ஆனாலும் கையில் காசு நிற்பதில்லை. பொம்மையின் கழுத்து பச்சையாகிவிட்டது என்று இரண்டு பேர் மாலையைத் திருப்பி அனுப்பினார்கள். உடை சுற்றி வைத்த துணி மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். திருவனந்தபுரத்தில் ஒரு கடை மாதம் 20 ஓலை செட் கேட்கிறது. அமெரிக்காவிலிருந்தும் விசாரிக்கிறார்கள். எங்கிருந்து சரிசெய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, பார்பி அளவை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது 29 செ.மீ. பொம்மை, வளர்ந்த பெண்ணின் ஆறில் ஒரு பங்கு. 18 அங்குலப் பொம்மை 46 செ.மீ., எட்டு ஒன்பது வயதுச் சிறுமியின் மூன்றில் ஒரு பங்கு. இரண்டுக்கும் மணி வேறு, துணி வேறு, அச்சு வேறு. ஆறில் ஒரு பங்கில் ஓலைச் சாமான் செய்ய ஒன்றரை மி.மீ. கீற்று வேண்டும். அது நரம்போடு பிளந்துபோகும், ஒரு பெட்டி முடைய மூன்று பெட்டிக்கான ஓலை வீணாகும். பொருள் சிறியது என்பதால் வாங்குபவர் விலை குறைவாகவும் எதிர்பார்ப்பார். 18 அங்குலத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி வைத்துக்கொண்டால் அடுத்த சிக்கல் தானாக வெளியே வரும். 18 அங்குலப் பொம்மை சிறுமியின் உடம்பு. அதன் காதில் பாம்படம் தொங்குவது பொருந்தாது. அது வளர்ந்த பெண்ணின் நகை, சிறுமிக்குக் காது வளர்க்கப் போடுவது குணுக்கு. மார்பு வரை இறங்கும் காசுமாலையும் அப்படித்தான். இந்த அளவைப் பிரபலமாக்கிய அமெரிக்கன் கேர்ள் பொம்மைகள் 1986இல் வந்தபோது 1854, 1904, 1944 என மூன்று ஆண்டுகளில் வாழ்ந்த மூன்று சிறுமிகளாகத்தான் வந்தன. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த வாடிக்கையாளர் முதலில் கேட்பது ‘எந்த ஆண்டு?’ என்றுதான். நீங்கள் 1850 என்று அட்டையில் அச்சிட்டால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் செட் பதில் சொல்லாது. ரவிக்கையும் கசவுச் சேலையும் 1850 திருவிதாங்கூரின் பொது உடை அல்ல. முண்டும் (இடுப்பில் கட்டும் வேட்டி) நேரியதும் (தோளில் போடும் மேல்துணி) தான் இருந்தன, மேலே என்ன போடலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த விஷயத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் (தைத்த மேல்சட்டை) போடலாம் என்று திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த கர்னல் மன்றோ 1810களில் உத்தரவிட்டார். இந்த மேலாடை உரிமையை ஒட்டிய தோள்சீலைக் கலவரங்கள் அதன் பிறகும் நடந்தன. கடைசியில் 1859 ஜூலை 26 அரச அறிவிப்பில் நாடார் பெண்கள் குப்பாயம் போடவும் முரட்டுத் துணியால் மேலே மூடிக்கொள்ளவும் அனுமதி கிடைத்தது, உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை உங்கள் தொழிலுக்கு நேரடியாகப் பொருந்தும். 1860 என்று அட்டை போட்ட நாடார் சிறுமியின் தோளில் கசவு நேரியதை மடித்துப் போட்டால், விவரம் தெரிந்த ஒருவர் படத்தைப் பார்த்தவுடன் பிடித்துவிடுவார். ரவிவர்மா படங்களைப் பார்த்து உடை தைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. அவர் 1848இல் பிறந்து 1906இல் மறைந்தவர், அவருடைய தேவிகள் கட்டியிருக்கும் சேலை உள்ளூர் உடைக்குச் சாட்சி ஆகாது. நாயர் பெண்களின் உருவப்படங்களில் முண்டு, நேரியது, நகை மூன்றையும் கவனிக்கலாம், அதுவும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு.

என் யோசனை: ‘நாகர்கோவில் 1860, பள்ளிக்குப் போகும் சிறுமி’ என்று ஒரே செட். 1819க்குப் பிறகு லண்டன் மிஷனின் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். ஆகவே முண்டு, குப்பாயம், ஓலைப்பெட்டி, சுவடி, எழுத்தாணி, ஒரு விரற்கடை லேஸ் எல்லாம் ஒரே பிள்ளையின் கையில் இயல்பாகச் சேரும். நகையே தேவையில்லை, அதனால் பச்சைக் கறையும் பாதி தீர்ந்தது. இன்னொரு லாபமும் உண்டு. இந்த வகைப் பொம்மைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கை, கால், தலை வினைல் (மென்மையான பிளாஸ்டிக்), நடு உடம்பு துணி. தோளும் மார்பும் தெரிய எதை உடுத்தினாலும் அந்தத் துணி உடம்பு வெளியே தெரியும். கழுத்தை ஒட்டிய குப்பாயம் அதை மறைத்துவிடும்.

உடை ஏன் சுற்றி வைத்த துணியாகத் தெரிகிறது என்பதற்கு வருவோம். மூன்றில் ஒன்றாக நீள அகலத்தைக் குறைக்கலாம், நூலின் பருமனைக் குறைக்க முடியாது. காடா என்ற முரட்டுப் பருத்தித் துணியை அப்படியே 46 செ.மீ. பொம்மைக்குக் கட்டினால் கோணிப்பை கட்டிய மாதிரி விறைத்து நிற்கும். காடாவாகத் தோன்ற வேண்டுமென்றால் வெளுக்காத மல் துணிதான் எடுக்க வேண்டும், 80 அல்லது 100ஆம் நம்பர் நூலில் நெய்தது. நன்றாகத் துவைத்துத் தேய்ந்த பழைய மல் வேட்டி இன்னும் நன்றாக விழும். புதுத் துணியென்றால் இரண்டு தடவை வெந்நீரில் அலசிப் பசையை எடுத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவர் துவைக்கும்போது முண்டு கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும்.

முண்டை நிஜமாகச் சுற்றிக் கட்டாதீர்கள். இடுப்பில் நான்கு மடிப்பு சேர்ந்து பொம்மைக்குத் தொந்தி போட்டதுபோல் ஆகும். இடுப்புச் சுற்றளவு சுமார் 28 செ.மீ.; உங்கள் பொம்மையில் ஒரு முறை அளந்து கொள்ளுங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் ஒன்றிரண்டு செ.மீ. மாறும். ஒன்றரைச் சுற்றுக்கு 42 செ.மீ., முன்கொசுவத்துக்கு 20 செ.மீ. கூட்டி வெட்டி, கொசுவத்தை ஒரு செ.மீ. அகல நாடாவில் தைத்து, நாடாவையே முடிச்சாகக் கட்ட விடுங்கள். கொசுவத்துக்கு அடியில் ஒரு அடுக்குத் துணி மட்டும் இருக்க வேண்டும். கொசுவம் படிய அட்டையில் குண்டூசியால் குத்தித் தண்ணீர் தெளித்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். கஞ்சி போட வேண்டாம், பெட்டிக்குள் பூச்சியை அதுவே கூப்பிடும்.

குப்பாயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு திறப்பில்தான். பொம்மையின் தலை உடம்பைப் பார்க்கப் பெரிது, சுற்றளவு சுமார் 32 செ.மீ., முடி தனி. தலைவழியே போடுமாறு கழுத்தை வெட்டினால் போட்ட பிறகு தோளிலிருந்து வழுக்கும். பின்பக்கம் முழுக்கத் திறந்து மூன்று இடத்தில் நாடா கட்டுங்கள். வெல்க்ரோ வேண்டாம். 1860க்கு அது பொருந்தாது என்பது ஒரு காரணம், பொம்மையின் முடியையும் லேஸ் நூலையும் பிய்த்துவிடும் என்பது பெரிய காரணம். நாடா கட்டச் சோம்பல்படும் வாடிக்கையாளருக்கு மிகச் சிறிய பிரஸ் பட்டன் உள்ளே மறைவாக. மிஷின் தையல் 2 மி.மீ. நீளத்தைத் தாண்டக் கூடாது, வெளியே தெரியும் விளிம்பைக் கையால் மடித்துத் தையுங்கள். லேஸுக்கு 80ஆம் நம்பர் குரோஷா நூலில் 6 மி.மீ. அகலம் போதும். கடையில் விற்கும் நைலான் லேஸ் படத்திலேயே மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். முளகுமூடு பக்கம் லேஸ் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. நீங்களே பின்னி மாரடிக்காமல் மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓலைச் சாமான் உங்களுக்குக் கைவந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். குருத்தோலையை நிழலில் காயவைத்து, இரண்டு பிளேடை 3 மி.மீ. இடைவெளியில் மரத்துண்டில் திருகிய கருவியால் இழுத்தால் கீற்றெல்லாம் ஒரே அகலமாக வரும். கண்ணளவில் கிழித்த கீற்றில் முடைந்த பெட்டிக்கு மூடி சேராது. முடைவதற்கு அரை மணி முன் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், தண்ணீரில் ஊறப்போட்டால் காய்ந்ததும் பின்னல் தளர்ந்துவிடும். சுவடி ஏடு 10 செ.மீ. நீளம், ஒரு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல் அகலம், பத்து ஏடு, இரண்டு மரச்சட்டம், ஒன்றரை மி.மீ. துளை. எழுத்தை ஊசியால் கீறிக் கறுப்பு தேய்க்கும்போது விளக்குக் கரியும் எண்ணெயும் வேண்டாம். அது முறைதான் என்றாலும் பொம்மையின் கையிலும் வெள்ளை முண்டிலும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்ட அக்ரிலிக் கறுப்பைத் தேய்த்து உடனே துடைத்தால் கீறலில் மட்டும் நிற்கும். எழுதுவது உயிரெழுத்து மட்டும் என்றால் போதும். சொற்கள் எழுத ஆசைப்பட்டால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காதீர்கள், பழைய சுவடியில் பெரும்பாலும் வைப்பதில்லை. இந்த ஒரு விவரத்தை அட்டையில் இரண்டு வரியாக எழுதினாலே நூறு ரூபாய் கூட்டி வாங்கலாம். எழுத்தாணிக்கு 2 மி.மீ. ஸ்டீல் கம்பி, 6 செ.மீ., நுனியை உப்புத்தாளில் மழுக்கிவிட வேண்டும்.

சிரட்டையில் சின்ன அகப்பை செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். எவ்வளவு சிறிதாக அறுத்தாலும் வளைவு முழுச் சிரட்டையின் வளைவாகவே இருக்கும், தட்டையாகத் தெரியும். அதற்குப் பதில் பணப்பலகை செய்யலாம். திருவிதாங்கூரின் வெள்ளிச் சக்கரம் மிகச் சிறிய காசு, 28 சக்கரம் ஒரு ரூபாய். எண்ணிக் கட்டாது என்பதால் குழி வரிசை போட்ட பலகையில் கொட்டிக் குலுக்கிக் கணக்குப் பார்ப்பார்கள். 8 செ.மீ. பலகையில் 2 மி.மீ. பிட்டால் ஆழமில்லாத குழி போட்டால் வேலை முடிந்தது. காசைத் தனியாகக் கொடுக்காமல் குழியிலேயே ஒட்டிவிடுங்கள். பள்ளிப்பிள்ளை செட்டில் சேராது, பின்னால் ஒரு கடைக்காரர் வீட்டுப் பிள்ளை செட் போடும்போது உதவும்.

இனி பச்சை. செம்பு கலந்த எந்த உலோகமும், பித்தளை உட்பட, மென்மையான வினைலில் நாள்கணக்கில் ஒட்டியிருந்தால் வினைலுக்குள் இருக்கும் எண்ணெய்ப்பசையோடு சேர்ந்து பச்சை இறங்கும். 1960களின் பார்பிகளுக்குத் தோட்டால் காது பச்சையான கதை சேகரிப்பாளர் எல்லோருக்கும் தெரியும். நெயில் பாலிஷ் பூசித் தடுக்கலாம் என்பார்கள். உரசும் இடத்தில்தான் அது முதலில் உரியும். நகை போட்டே ஆக வேண்டுமென்றால் காசுக்கு 4 மி.மீ. தட்டைச் சமிக்கி, மணிக்கு 11ஆம் நம்பர் கண்ணாடி மணி, கோர்க்கப் பாலியஸ்டர் நூல், பின்னால் பட்டுநூல் கட்டு. கோயில் நகையும் நூலில் கட்டுவதுதான், ஆகவே அது குறையாகத் தெரியாது, தலைவழியே போகாத பிரச்சினையும் தீரும். வடசேரியில் வெள்ளியில் கெம்பு பதித்துச் செய்துதரக் கேட்கும் சேகரிப்பாளர் வந்தால் பாதிப் பணம் முன்பணமாக வாங்கிய பிறகு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். குன்றிமணி மட்டும் எந்த மாலையிலும் வேண்டாம். துளை போட்ட விதை உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. உலோகத்தை ஒட்டும் ஈயப் பற்றாசும் (சால்டர்) பொம்மைச் சாமானில் கூடாது.

உலோகத்துக்கு அடுத்தபடியாகக் கறை போடுவது சாயம். சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றும் மோசம். துணியை நனைத்து வெள்ளைத் துணியின் மேல் விரித்து ஒரு கிலோ எடை வைத்து இரவு விடுங்கள். லேசாக நிறம் இறங்கினாலும் அந்தத் துணி பொம்மைக்கு ஆகாது. உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது கடையில் வாங்கிய பருத்தித் துணியில் பலிக்காது. திருப்பி அனுப்பியவர்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள்: மருந்துக்கடையில் முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு ஜெல்லைக் கறையில் மட்டும் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, சில நாள் வெயிலில் வைத்தால் பெரும்பாலும் வெளுக்கும். அதிக நாள் வைத்தால் வினைலும் வெளுத்துவிடும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள், பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மழை நமக்கு இரண்டு பருவத்திலும் உண்டு, ஜூனிலும் அக்டோபரிலும் ஓலையில் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்கு ஒரு 5 கிராம் சிலிக்கா ஜெல் பை போடுங்கள். ஃபெவிக்விக் மாதிரிப் பசை போட்ட பொருளை அன்றே மூடிக் கட்டினால் உள்ளே வெள்ளைப் படலம் படியும், ஒரு நாள் காற்றாட விட்டுக் கட்டுங்கள்.

காசு நிற்காததற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: சாமான் 60, விலை 350 என்று எழுதிய நீங்கள் நேரத்தை எழுதவில்லை. ஒரு செட்டை அவசரமாகச் செய்து நேரம் பார்க்காதீர்கள். பன்னிரண்டு செட்டை ஒன்றாக எடுத்து, ஓலை கிழிப்பதிலிருந்து பார்சல் முகவரி எழுதுவது வரை கடிகாரம் பார்த்துப் பன்னிரண்டால் வகுங்கள். உதாரணமாக இரண்டரை மணி வருகிறது, மணிக்கு 100 ரூபாய் என்று வையுங்கள். நேரம் 250, சாமான் 60, ஆக 310. உடைந்தது, கோணலானது என்று பத்து சதவீதக் கழிவு 31. பெட்டி, அட்டை, சிலிக்கா 45. கரண்ட், ஊசி, படம் எடுப்பது 40. அடக்கமே 426 ரூபாய். நீங்கள் 350க்கு விற்கிறீர்கள். அடக்கத்தின் மேல் இருபது சதவீதம் வைத்தால் 511. கடைக்காரர் 35 சதவீதம் எடுப்பார் என்றால் அட்டை விலை 786, அதாவது 790. நேராக வாங்குபவருக்கும் அதே 790தான் சொல்ல வேண்டும். வீட்டில் வந்தால் 500 என்று ஒருவரிடம் சொன்னீர்களானால் கடைக்காரர் அடுத்த மாதம் உங்களைக் கூப்பிட மாட்டார். மாதம் 20 செட் என்றால் 50 மணி நேரம், அதை ஒத்துக்கொள்ளும் முன் வீட்டில் யார் சமையலைப் பார்ப்பது என்பதையும் கணக்கில் எடுங்கள். விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில் முதல் மாதம் ஆறு செட்டுக்கு மேல் வைக்க வேண்டாம்.

அந்தக் கடை ஒன்றரை மணி பஸ் தூரம்தான், சட்டத்துக்கு வேறு மாநிலம். பொதுவாக மாநிலம் தாண்டி விற்றால் எவ்வளவு சின்ன வியாபாரத்துக்கும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு 20 லட்ச ரூபாய் விற்பனை வரை விலக்கு உண்டு, ஆனால் பான் எண் வேண்டும், சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டு) போட வேண்டும். பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுபோனாலும் அப்படித்தான். உங்கள் ஒவ்வொரு பொருளும் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று தக்கலையிலேயே ஒரு கணக்கரிடம் காட்டிவிடுங்கள். இணையச் சந்தை வழியாகக் கேரளத்துக்கு அனுப்புவது என்றால் பதிவு செய்துகொள்வதே நல்லது.

14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொருளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்தியக் கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர் தம் கையால் செய்து விற்பதற்கு விலக்கு இருக்கிறது. பெஹ்சான் என்ற அந்த அடையாள அட்டையை முதல் வேலையாக வாங்குங்கள். காசு, மணி மாதிரி உதிரும் பாகம் உள்ள எதிலும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆகாது என்று அட்டையில் அச்சிடுங்கள்.

அமெரிக்காவை ஒரு வருடம் தள்ளி வைக்கச் சொல்வேன். அங்கே 12 வயது வரையான பிள்ளைகளுக்கான பொருளில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் கூடாது, பெயிண்டில் 90. ஆய்வகச் சோதனையும் சான்றும் கேட்பார்கள். பெரியவர் சேகரிப்புக்கு என்று அட்டையில் எழுதினால் மட்டும் தப்ப முடியாது, சிறுமிகள் வைத்திருக்கும் பொம்மைக்கான உடை அது. 800 டாலருக்குட்பட்ட பார்சலுக்கு இருந்த வரிவிலக்கும் 2025 ஆகஸ்ட் 29இல் போய்விட்டது, சின்னப் பார்சலிலும் வரி விழும். ஏற்றுமதி எண் எடுக்க 500 ரூபாய்தான், அதைப் பார்த்து இது எளிது என்று நினைத்துவிடாதீர்கள்.

கையில் மீதமிருக்கும் ‘1850’ செட்டுகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பித்தளை மாலையையும் பாம்படத்தையும் கழற்றி எடுத்துவிட்டு, கசவுச் சேலையையும் ரவிக்கையையும் ஆண்டு போடாமல் ‘கேரளச் சேலை, 18 அங்குலப் பொம்மைக்கு’ என்று புது அட்டையில் ஓணத்துக்கு முன் விற்றுத் தீருங்கள். இரவு சோதனையில் சாயம் இறங்கும் ரவிக்கையை மட்டும் விற்காமல் வையுங்கள், அடுத்த செட்டுக்கு வெட்டுமாதிரியாக உதவும்.